சின்ன பிரிண்டிங் கடைக்கு எந்தக் கலர் லேசர் மெஷின்?

ஜெராக்ஸும் டிடிபியும் வைத்திருக்கும் கடைக்காரர் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார். கல்யாணப் பத்திரிகை நூறு போதும் என்று ஒருவர் வருகிறார், பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஸ்வீட் கடைக்கு டப்பாவில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும். டிசைனை நாம் போடுகிறோம். பிரிண்டை டவுனில் உள்ள பெரிய டிஜிட்டல் கடைக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் பார்சல் வரும் வரை பார்ட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பேசாமல் ஒரு கலர் மெஷினை நாமே போட்டுவிட்டால் என்ன?

போடலாம். ஆனால் விற்பவர் முதலில் சொல்வது வேகம், நிமிடத்துக்கு இத்தனை பக்கம் என்று. தினம் சில நூறு ஷீட் ஓட்டும் கடைக்கு அந்த எண்ணால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. உள்ளே எவ்வளவு தடிமனான கார்டு போகும், எவ்வளவு பெரிய ஷீட் போகும், நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் இன்ஜினியர் வருவார் என்பதை வைத்துத்தான் நான் மெஷினைத் தேர்ந்தெடுப்பேன். கீழே வருவதெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதியது.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். மேஜை மேல் வைக்கும் ஏ4 கலர் லேசர், ரீகண்டிஷன் செய்த (பழையதைச் சரிசெய்து விற்கும்) ஏ3 ஆபீஸ் மெஷின், லைட் புரொடக்ஷன் என்று சொல்லப்படும் கனமான மெஷின். நான்காவது, மெஷினே வாங்காமல் இப்போதுபோல வெளியே கொடுப்பது. கடைசி வழியை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. பல கடைகளுக்கு அதுதான் சரி.

ஏ4 மெஷின்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

எச்பி கலர் லேசர்ஜெட் எம்454-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்த வகையில் பழக்கமான மெஷின் அது. சாதாரணப் பேப்பரில் 163 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்), கிளாஸி பேப்பரில் 200 ஜிஎஸ்எம் வரைதான் எடுக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. விசிட்டிங் கார்டும் பத்திரிகையும் 250, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில்தான் (வழவழப்பான பூச்சுள்ள அட்டை) கேட்கிறார்கள். அந்த வேலை இதில் கிடையாது என்பதோடு பாதிக் கேள்வி முடிந்துவிடுகிறது. தள்ளிப் பார்த்தேன், போகிறது என்று சிலர் சொல்வார்கள். போகும், ஒட்டாது. கனமான கார்டுக்குத் தேவையான சூட்டை ஃபியூசர் (தூள் மையான டோனரைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பாகம்) கொடுக்க முடியாதபோது டோனர் நகத்தால் சுரண்டினாலே உதிரும்.

இதே மெஷினின் விவரப் பட்டியலில் இரண்டு எண்கள் இருக்கும். மாதாந்திர டூட்டி சைக்கிள், அதாவது ஒரு மாதத்தில் அதிகபட்சம் தாங்கும் அளவு, 50,000 பக்கம். பரிந்துரைக்கும் அளவு 750 முதல் 4,000 பக்கம். கடைக்காரர் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார், மெஷின் இரண்டாவது எண்ணின்படி உழைக்கிறது.

பிறகு டோனர். கார்ட்ரிட்ஜ் டப்பாவில் 2,100 பக்கம் என்று இருந்தால், அது ஒரு நிறம் தாளில் சுமார் 5 சதவீத இடத்தை மூடும் ஆபீஸ் கடிதம் மாதிரியான பக்கங்களுக்கான கணக்கு. ஐஎஸ்ஓ 19798 என்ற தரநிலையின்படி அளப்பது. நம் ஊர்ப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள்: முழுக்கச் சிவப்புப் பின்னணி, மேலே பிள்ளையார், ஓரமெல்லாம் பூவேலை. சிவப்புக்கான மஜெந்தா டோனர் 60 சதவீத இடத்தை மூடுகிறது என்றால் பன்னிரண்டு மடங்கு செலவு. 2,100 பக்கம் என்ற கார்ட்ரிட்ஜ் 175 தாளில் காலி. மஞ்சளும் கூடவே போகும். அந்த விலையைத் தாளுக்குப் பிரித்துப் பார்த்தால், டவுன் கடையில் கொடுக்கும் ரேட் மலிவாகத் தெரியும்.

அப்படியானால் ஏ4 மெஷின் வீணா? இல்லை. சான்றிதழ், லெட்டர்பேட், கொட்டேஷன், புராஜெக்ட் ரிப்போர்ட், ஒன்றிரண்டு ஸ்டிக்கர் ஷீட், பார்ட்டிக்குக் காட்டும் மாதிரி இதெல்லாம் அதில் ஓடும். மெஷின் உள்ள கடை என்ற பெயரும் வரும். அதை உற்பத்தி மெஷினாக நினைக்காத வரை பிரச்சினை இல்லை.

லெட்டர்பேட் என்றதும் ஒரு எச்சரிக்கை. லேசரில் அடித்த லெட்டர்பேடைப் பார்ட்டி தன் ஆபீஸ் லேசர் பிரிண்டரில் மறுபடி ஓட்டுவார். நம் டோனர் அங்கே மறுபடி இளகி, அவர் மெஷினின் ஃபியூசரில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதிகம் லெட்டர்பேட் கேட்பவரை ஆஃப்செட்டுக்கு (பிளேட் போட்டு மையால் அடிக்கும் அச்சகம்) அனுப்புவதே இருவருக்கும் நல்லது.

இங்க்டேங்க் மெஷின் லேசரைவிட மலிவாச்சே என்று கேட்பீர்கள். பக்கத்துக்கான மைச் செலவு குறைவுதான், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் தண்ணீர் கலந்த மை, ஆஃப்செட்டுக்கான ஆர்ட் கார்டில் உறிஞ்சாது, கையில் ஒட்டும். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு போட்ட பேப்பரை வாங்கினால் மைச் செலவில் மிச்சம் பிடித்தது பேப்பரில் போய்விடும்.

ஏ3 ஆபீஸ் மெஷின்: ஆசை காட்டும் வழி

சென்னை, கோவை, மதுரை என்று எங்கே விசாரித்தாலும் ரீகண்டிஷன் மெஷின் கிடைக்கும். கோனிகா மினோல்ட்டா பிஸ்ஹப், கேனன், ரிக்கோ, ஜெராக்ஸ் என்று எல்லாக் கம்பெனியும் உண்டு. வெளிநாட்டு ஆபீஸில் ஓடி, ஒப்பந்தம் முடிந்து வந்தவை பெரும்பாலும். புது ஏ4 மெஷினைவிடக் கொஞ்சம் கூடுதல் காசுக்கு ஏ3, ஸ்கேனர், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்து வருகிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

பிஸ்ஹப் சி458-ஐப் பார்ப்போம். நிமிடத்துக்கு 45 பக்கம். டிரேயில் 256 ஜிஎஸ்எம் வரை, கையால் தாள் விடும் பைபாஸில் 300 வரை எடுக்கும். 12×18 அங்குல ஷீட் பைபாஸில் போகும், 13×19 போகாது. தானாக இருபுறமும் அடிப்பது 256 ஜிஎஸ்எம்மோடு நின்றுவிடும். 300 ஜிஎஸ்எம் கார்டில் முன்னும் பின்னும் வேண்டுமென்றால் ஒரு பக்கம் அடித்து, திருப்பி, மறுபடி கையால் விட வேண்டும். முதல் தடவை சூட்டில் கார்டு லேசாக வளைந்து, கொஞ்சம் சுருங்கியும் போயிருக்கும். இரண்டாவது பக்கம் ஒரு மில்லிமீட்டர் விலகும். படம் மட்டும் உள்ள டிசைனில் அது தெரியாது. நான்கு ஓரமும் பார்டர் போட்ட கார்டைக் கட்டிங்கில் வெட்டும்போது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும்.

அதோடு தடித்த கார்டுக்கு மெஷின் தானாகவே வேகத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். 45 பக்கம் என்பது ஏ4 சாதாரணப் பேப்பரின் கணக்கு.

புத்தகம், பிராஜெக்ட், நோட்டீஸ், 130 அல்லது 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் பிரௌச்சர் என்று முக்கால்வாசி வேலை மெல்லிய பேப்பரில் இருக்கும் கடைக்கு இது நல்ல மெஷின். கல்லூரிப் பக்கம் கடை போட்டவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கார்டு வேலைக்கென்று இதை வாங்குவது சரிவராது. மெஷின் முடியாது என்று சொல்லாது. கடைக்காரரைத்தான் ஒவ்வொரு ஷீட்டாகத் தள்ளிக்கொண்டு நிற்க வைக்கும்.

ரீகண்டிஷன் எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பழைய மல்டிஃபங்ஷன் மெஷின்களை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது, மத்திய அரசின் அனுமதி வேண்டும். பில் இல்லாத மெஷினுக்கு வரி கிரெடிட்டும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

லைட் புரொடக்ஷன்: கார்டுக்கென்றே பிறந்தது

கோனிகா மினோல்ட்டா அக்யூரியோபிரஸ் சி3070, ஜெராக்ஸ் வெர்சன்ட் 180, ரிக்கோ புரோ சி5300 இந்த வகை. முதல் இரண்டும் 350 ஜிஎஸ்எம் வரை, ரிக்கோ 360 வரை. 13×19 ஷீட் எடுக்கும். முன்பின் பொருத்தத்தை மெஷினிலேயே பேப்பர்வாரியாகச் சரிசெய்து சேமித்துவைக்கலாம்.

பெரிய ஷீட்டின் மதிப்பு விசிட்டிங் கார்டில் தெரியும். 3.5×2 அங்குலக் கார்டுக்குச் சுற்றிலும் வெட்டுவதற்குக் கொஞ்சம் விட்டுப் போட்டால், ஏ4-இல் 10 கார்டு வரும். 12×18-இல் 24. 13×19-இல் நெருக்கிப் பிடித்தால் 30. ஆயிரம் கார்டுக்கு 100 ஷீட், 42 ஷீட், 34 ஷீட். ஷீட் குறைந்தால் கட்டிங் நேரமும் குறைகிறது.

ஆனால் 30 என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 25×36 முழு ஷீட்டில் 12×18 வெட்டினால் நான்கு வரும். 13×19 வெட்டினால் இரண்டுதான். 28×40 கிடைத்தால் மட்டுமே 13×19 நான்கு வரும். பேப்பர் கடைக்காரரிடம் எந்தச் சைஸ் எப்போதும் ஸ்டாக் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். வெட்டும்போது இழை ஓடும் திசையையும் சொல்லி வாங்குங்கள். மடிப்பு இழையோடு போகாவிட்டால், மடித்த இடத்தில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கிரீசிங் (மடிப்பதற்கு முன் அழுத்திப் போடும் கோடு) போட்டாலும் கொஞ்சம் தெரியும்.

இந்த மெஷின்களோடு வரும் இன்னொன்று கன்ட்ரோலர், ஃபைலை வாங்கி மெஷினுக்குத் தயார்செய்து கொடுக்கும் கம்ப்யூட்டர். ஃபியரி மாதிரி ஒன்று இருந்தால் ஒரு ஷீட்டில் பல கார்டை அடுக்கிப் போடுவதை அதிலேயே செய்யலாம், காலையில் ஒரு நிறப் பட்டை அடித்து அளந்து நிறத்தைச் சரிசெய்யலாம். போன மாதம் அடித்த மெரூன் இந்த மாதமும் அதே மெரூனாக வர இது வேண்டும். கடைக்குத் திரும்ப வரும் பார்ட்டி பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்.

புதிதா, பழையதா? புது மெஷினுக்குக் கம்பெனி கிளிக் ஒப்பந்தம் போடும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் டோனர், டிரம், ஃபியூசர், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம்மைப்போல் அடர்த்தியான டிசைன் அடிப்பவர்களுக்கு இது லாபம், ஏனென்றால் ஒரு கிளிக்கில் மை எவ்வளவு போனாலும் காசு ஒன்றுதான். சில ஒப்பந்தங்களில் அதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள், வாசித்துப் பாருங்கள். 12×18 ஒரு கிளிக்கா இரண்டு கிளிக்கா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஒன்றாக இருந்தது மீட்டரில் இரண்டாகிவிடும். இன்னொரு ஓட்டை நம் பக்கத்தில் இருக்கிறது. வேர்டிலிருந்தோ கோரலிலிருந்தோ வரும் கறுப்பு எழுத்து ஆர்ஜிபியில் (கம்ப்யூட்டர் திரைக்கான நிறமுறை) இருந்தால் மெஷின் அதை நான்கு நிறத்திலும் அடித்து, கலர் கிளிக்காக எண்ணக்கூடும். இருநூறு பக்கப் புத்தகத்தை அப்படி ஓட்டிவிட்டால் அந்த வேலையில் கிடைத்த லாபம் போச்சு.

பழைய மெஷினில் இந்தப் பாதுகாப்பு இல்லை. விலை பல மடங்கு குறைவு, ஆனால் டிரம், டெவலப்பர், டிரான்ஸ்ஃபர் பெல்ட், ஃபியூசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. வாங்கிய சில மாதத்தில் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். மெஷின் விலையில் ஒரு பங்கை உதிரிபாகத்துக்கென்று முதல் நாளே ஒதுக்கிவைக்க முடியாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இங்கேதான் இன்ஜினியர் விஷயம். கம்பெனி எது என்பதைவிட, உங்கள் மாவட்டத்தில் அதே மாடல் எத்தனை கடையில் ஓடுகிறது என்று பாருங்கள். பத்துக் கடையில் ஓடினால், அந்த மெஷினைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் உதிரிபாகமும் இருக்கும். ஆவணி, தை முகூர்த்த நேரத்தில் மெஷின் நின்றால் பக்கத்து ஊர்க் கடையில் ஓட்டித் தருவார்கள், அதே நிறத்தில். எல்லாரும் வைத்திருக்கும் சுமாரான மாடல், யாரிடமும் இல்லாத அருமையான மாடலைவிட மேல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வெளியே கொடுப்பது

கடன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரிண்ட் மெஷினும் கட்டிங் மெஷினும் சேர்த்து 12 லட்சம் கடன், 11% வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,100 ரூபாய். ஏசி, கரண்டுக்கு 8,000. ஓட்டுபவருக்கு 15,000. மொத்தம் 49,100. ஒரு ஷீட்டில் பேப்பரும் கிளிக்கும் போக 10 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 4,910 ஷீட் ஓடினால்தான் கைநட்டமில்லை. 25 வேலை நாளுக்கு, தினம் சுமார் 196 ஷீட்.

இப்போது பில் புத்தகத்தை எடுத்துப் போன வருடம் வெளியே கொடுத்த ஷீட்டைக் கூட்டுங்கள். முகூர்த்த மாதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மார்கழியையும் ஆடியையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். தினம் 60, 70 ஷீட்தான் என்றால் ஏ4 மெஷின் ஒன்றை மாதிரி காட்ட வைத்துக்கொண்டு மீதியை வெளியே கொடுப்பதே லாபம். மெஷின் வந்தால் வேலை தானாக வரும் என்று விற்பவர் சொல்வார். கொஞ்சம் வரும், அதே சமயம் பக்கத்துத் தெருவிலும் ஒரு மெஷின் வரும்.

எது நம் மெஷினுக்கே வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் விசிட்டிங் கார்டு கேட்பவருக்குச் சிவகாசி ஆஃப்செட்டில் பலருடைய கார்டையும் ஒரே ஷீட்டில் சேர்த்து அடித்து வரும் ரேட்டோடு எந்த லேசரும் போட்டி போட முடியாது. அங்கே சில நாள் ஆகும், இங்கே சாயங்காலம் கிடைக்கும். நாம் விற்பது அந்த நேரத்தையும், நூறு கார்டு மட்டும் போதும் என்பவருக்கான சௌகரியத்தையும்தான். மேடுபள்ளமான டெக்ஸ்சர் போர்டில் பத்திரிகை கேட்டாலும் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். பள்ளத்தில் டோனர் சரியாக இறங்காமல் அடர்நிறத்தில் வெள்ளைப் புள்ளி விழும். இந்த இடத்தில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் அதிகம், அடித்துப் பார்க்காமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. லேமினேஷனுக்கும் டிஜிட்டலுக்கென்று உள்ள பசை கூடிய ஃபிலிம் வேண்டும். டோனரில் மெழுகு கலந்திருப்பதால் சாதாரண ஃபிலிம் சில நாளில் குமிழ் விட்டுக் கிளம்பும்.

அறை

மெஷினுக்குப் பேசும் காசில் அறையை மறந்துவிடுகிறார்கள். கடலோர ஊரில் மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் குடித்து, இரண்டாவது பக்கத்தில் நிறம் திட்டுத் திட்டாக விழும், ஜாம் ஆகும். ரீம் கவரைப் பிரித்தால் அன்றே முடித்துவிட வேண்டும், மீதியைக் கவரோடு கட்டி ஏசி அறையிலேயே வைக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் ஓடும் மெஷின்தான் என்றாலும் ஃபியூசர் சூடாகும் நேரத்தில் இழுக்கும் கரண்ட் அதிகம், தனி லைனும் தனி எர்த்தும் போட்டுவிடுங்கள். ஜெராக்ஸ் மெஷினும் மின்விசிறியும் ஓடும் அதே லைனில் இழுத்துக் கொடுத்தால், போர்டு போகும்போதுதான் தெரியும்.

பார்க்கப் போகும் நாள்

பழைய மெஷின் என்று முடிவுசெய்தால் விற்பவர் அடித்துக் காட்டும் பூப்படத்தைப் பார்த்து வந்துவிடாதீர்கள். உங்கள் பேப்பரையும் உங்கள் ஃபைலையும் கொண்டுபோங்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு 12×18-இல் ஐம்பது ஷீட். பென்டிரைவில் ஒரு பிடிஎஃப், எழுத்தெல்லாம் கர்வ்ஸ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கியது. பாமினி ஃபான்ட் அங்கே இருக்குமா என்ற வம்பு வேண்டாம்.

அதில் நான்கு நிறத்துக்கும் தனித்தனியாக முழு ஷீட் 40 சதவீதம் நிரப்பிய பக்கங்கள் இருக்கட்டும். கோடு விழுகிறதா, ஒரு ஓரம் வெளுத்திருக்கிறதா என்பது அடர்நிறத்தைவிட இந்த வெளிர்நிறத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளி வந்தால் டிரம்மோ ரோலரோ அடிபட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அடர்சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக 6 பாயின்ட் தமிழ் எழுத்து. ண, ஞ, ணை இவற்றின் சுழிகள் திறந்து நிற்க வேண்டும். மூடிக்கொண்டால் பத்திரிகையில் உறவினர் பெயர்ப் பட்டியல் போடும்போது தினமும் சண்டை. மாப்பிள்ளை பெண் போட்டோ ஒன்றும் வையுங்கள், முகத்தின் நிறம் சிவந்தோ பச்சை பாய்ந்தோ வருகிறதா என்று பார்க்க. சர்வீஸ் மோடுக்குப் போய் மொத்தக் கவுன்டரோடு டிரம், பெல்ட், ஃபியூசர் கவுன்டரையும் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் மட்டும் குறைவாகவும் மற்றவை கூடுதலாகவும் இருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, இருபுறமும் வெட்டுக்குறி போட்ட ஃபைலை ஐம்பது ஷீட்டிலும் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஷீட்டையும் ஐம்பதாவது ஷீட்டையும் எடுத்து, முன்பக்க வெட்டுக்குறியின் முனையில் குண்டூசியால் குத்தித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கக் குறியிலிருந்து துளை விலகியிருப்பது இரண்டிலுமே அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், விலை பேச ஆரம்பிக்கலாம்.